மேடை வெளிச்சம் மாணவர் கையில்: பள்ளி நாடகத்துக்கான ஒளிக் கட்டுப்பாடு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி ஆண்டு விழா. வண்டியூர்க் கண்மாயைப் பற்றி எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே எழுதிய நாடகம் மேடையில் நடந்துகொண்டிருந்தது. கடைசிக் காட்சியில் கண்மாய் வற்றிவிடுகிறது. பாட்டி வேடமிட்ட மாணவி கரையில் உட்கார்ந்து பேசப் பேச வெளிச்சம் மெல்லக் குறைய வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். அதை எப்படிச் செய்வது என்று எனக்கும் தெரியாது, ஒலி ஒளி போட வந்தவருக்கும் தெரியாது. "கடைசில சுவிட்ச அமத்திரலாம் டீச்சர்" என்று அவர் சொன்னார். நானும் சரி என்றேன்.

அதற்கு அவசியம் வரவில்லை. மூன்றாவது ஹாலஜன் விளக்கைப் போட்ட சில நிமிடங்களில், பாட்டி பாதி வசனத்தில் இருக்கும்போது மேடை மொத்தமும் இருண்டது. மைக்கும் போனது. அந்தப் பிள்ளை நிறுத்தவில்லை, தொண்டையைத் திறந்து பேசி முடித்தாள். பெற்றோர் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தார்கள். கைதட்டல் பலமாகக் கிடைத்தது. நாங்களும் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை பள்ளிக்கு வந்த வயர்மேன் அண்ணன், மேடையோரச் சுவிட்ச் போர்டிலிருந்து உருவிய பிளக்கை என் கையில் கொடுத்தார். ஒரு முள்ளைச் சுற்றி பிளாஸ்டிக் இளகி, பழுப்பேறி, வளைந்திருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா பத்தியிருக்கும் டீச்சர். பக்கத்துலதான திரைத்துணி" என்றார். நான் பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் நடத்துகிறவள். அந்தப் பிளக்கை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இப்போது அது என் பாடத் துணைக்கருவி.

அன்று எங்கள் மேடையில் இருந்த மின்சுமையை வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து கணக்கிட்டோம். ஹாலஜன் விளக்கு மூன்று, ஒவ்வொன்றும் 1000 வாட். ஒலிபெருக்கி ஏறத்தாழ 500. நிற்கும் மின்விசிறி இரண்டும் சீரியல் விளக்குகளும் சேர்த்து 200. மொத்தம் 3700 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 16 ஆம்பியர். இத்தனையும் போனது ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக, 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்றில். அந்தச் சுற்றின் எம்.சி.பி. 10 ஆம்பியர்.

"அப்போ எம்.சி.பி. உடனே விழுந்திருக்கணுமே டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பாடப்புத்தகம் படித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் எம்.சி.பி. கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். அதற்கு உள்ளே ஒரு மின்காந்தம் இருக்கிறது. ஆனால் ஒன்றரை மடங்கு, ஒன்றே முக்கால் மடங்கு என்று சுமை ஏறும்போது வேலை செய்வது வேறு பாகம், சூடானால் வளையும் ஈருலோகப் பட்டை. அது சூடேறி வளைவதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அந்த நிமிடங்களில் பிளக் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். பிளக் முள்ளும் சாக்கெட்டும் தளர்வாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தின் மின்தடை 0.1 ஓம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 16 ஆம்பியரில் அங்கு உருவாகும் வெப்பம் 16 × 16 × 0.1, அதாவது 25.6 வாட். பற்றவைக்கப் பயன்படும் சிறிய சால்டரிங் அயர்னின் திறன் 25 வாட். பிளக்கின் முள்ளில் ஒரு சால்டரிங் அயர்னைச் சொருகி வைத்தது போல என்று சொன்னதும் வகுப்பு அமைதியானது. எக்ஸ்டென்ஷன் வயரைப் பாதிக்குமேல் உருளையிலேயே சுற்றி வைத்திருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுற்றிய வயரில் வெப்பம் வெளியேற வழியில்லை.

ஆகவே மேடை ஒளியைக் கட்டுப்படுத்துவது பற்றி யோசிக்கத் தொடங்கிய நாங்கள், விளக்குக் கடைக்கோ வாடகைக் கடைக்கோ போகும் முன் சுவிட்ச் போர்டுக்கு முன்னால் போய் நின்றோம். அந்த வரிசையில்தான் இந்தக் கட்டுரையும் போகிறது.

எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் இசை நாடகம் பார்த்து வளர்ந்தவள் நான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கிய ஊர் மதுரை. இன்றும் வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கும். நான் பார்த்தவரை அங்கே இரவு முழுவதும் ஒரே வெளிச்சம்தான். பெட்ரோமாக்ஸ் போய் டியூப் லைட் வந்தது, அவ்வளவே. காலையா மாலையா காடா அரண்மனையா என்பதைப் பாட்டும் ஆர்மோனியமும் சொல்லிவிடும். அது ஒரு முறை, அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் நம் பிள்ளைகள் எழுதுவது பத்து நிமிட நாடகம். கலைத் திருவிழாப் போட்டியானாலும் ஆண்டு விழாவானாலும், பாட்டுப் பாடிப் பொழுதை உணர்த்த அவர்களுக்கு நேரமில்லை. ஒளி மாறினால் அரை நிமிடத்தில் காட்சி மாறிவிடும்.

வெளிச்சத்தைக் குறைக்கும் ஆசை மின்விளக்கோடு சேர்ந்தே பிறந்தது. லண்டனின் சவாய் அரங்கம் 1881இல் மின்விளக்குக்கு மாறியபோதே மேடை விளக்குகளை மங்கச் செய்யும் ஏற்பாடும் அங்கே இருந்தது. தொடக்க காலத்தில் மின்தடைச் சுருள்களால் குறைத்தார்கள். உப்புநீர்த் தொட்டியில் உலோகத் தகட்டை இறக்கி ஏற்றிக் குறைக்கும் முறையும் உலகின் பல அரங்குகளில் இருந்தது. இதைக் காணொளியில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் செய்துபார்க்கலாமா என்று கேட்பார்கள். கூடவே கூடாது. திறந்த தண்ணீரில் 230 வோல்ட். சொல்லிக் கொடுங்கள், செய்து காட்டாதீர்கள்.

அடுத்து வரும் யோசனையும் எனக்குத் தெரியும். "ஃபேன் ரெகுலேட்டர மாட்டுனா லைட்டு கொறையாதா டீச்சர்?" ஃபேன் ரெகுலேட்டர் ஒரு விசிறியின் மோட்டாருக்காகச் செய்தது. ஏறத்தாழ 100 வாட் அதன் எல்லை. ஹாலஜனை அதில் மாட்டினால் ரெகுலேட்டர்தான் முதலில் எரியும். விளக்குக்கென்றே விற்கும் டிம்மர்கள் வேறு வகை. அவற்றில் ட்ரையாக் என்ற குறைகடத்திச் சாதனம் இருக்கும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, ஆகவே 100 அரைச்சுழற்சி. ஒவ்வோர் அரைச்சுழற்சியிலும் தொடக்கப் பகுதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் விளக்குக்கு அனுப்புவதுதான் ட்ரையாக்கின் வேலை. வெட்டும் அளவு கூடினால் வெளிச்சம் குறையும். இழை விளக்குக்கு இது அருமையாகப் பொருந்தும். ஆனால் இரண்டு தொல்லைகள். இந்த வெட்டு மைக் வயரில் "ஊஊ" என்று கேட்கும். வீட்டு எல்.இ.டி. பல்பை இதில் மாட்டினால், டிம் செய்யத்தக்கது என்று அட்டையில் போட்டிருந்தால் ஒழிய, துடித்துத் துடித்து எரியும், அல்லது எரியாது.

இனி எங்கள் தேர்வுக்கு வருகிறேன்.

ஹாலஜனை விட்டுவிட்டு, வாடகைக்கு ஆறு எல்.இ.டி. பார் விளக்குகள் எடுத்தோம். கல்யாண மண்டபங்களில் சுவரோரம் சிவப்பும் நீலமுமாக எரியுமே, அந்த உருண்டை டப்பா விளக்குதான். 54 எல்.இ.டி., தலா 3 வாட், ஆக 162 வாட் என்று விற்பவர் சொல்வார். உண்மையான அளவு விளக்கின் பின்புறப் பட்டையில் இருக்கும், அதை மட்டும் நம்புங்கள். விளக்குக்கு 150 என்று தாராளமாக வைத்தாலும் ஆறுக்கும் 900 வாட், நான்கு ஆம்பியருக்குள். மூன்று ஹாலஜன் குடித்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சூடும் குறைவு. சிவப்பு, பச்சை, நீலம் உள்ளேயே இருப்பதால் வண்ணத்தாள் ஒட்டவும் வேண்டாம்.

முக்கியமான வேறுபாடு ஒன்று. இந்த விளக்குக்கு 230 வோல்ட் எப்போதும் முழுதாகப் போக வேண்டும். டிம்மரில் இதை மாட்டவே கூடாது. வெளிச்சத்தைக் குறைப்பது விளக்கின் உள்ளே நடக்கிறது. எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற செய்தி மட்டும் தனி வயரில் போகும். அந்தச் செய்திக்கான பொது மொழிதான் டி.எம்.எக்ஸ். 512. அமெரிக்காவின் மேடைத் தொழில்நுட்ப அமைப்பு ஒன்று 1986இல் உருவாக்கியது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை, ஒன்றின் பலகை இன்னொன்றின் விளக்கோடு பேசாது. ஒரு வயரில் 512 தடங்கள், ஒவ்வொரு தடத்திலும் 0 முதல் 255 வரை ஓர் எண். அவ்வளவுதான் அந்த மொழி. தபால்காரர் தெருவில் போவது போல எண்கள் எல்லா விளக்குகளையும் கடந்து போகும். ஒவ்வொரு விளக்கும் தன் முகவரிக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

எங்கள் விளக்குகள் ஒவ்வொன்றுக்கும் ஏழு தடங்கள்: மொத்த வெளிச்சம், சிவப்பு, பச்சை, நீலம், மின்னல் போன்ற துடிப்பு, இன்னும் இரண்டு. முதல் விளக்கின் முகவரி 1 என்றால் அடுத்தது 8, அதற்கடுத்தது 15. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி உடனே, "டீச்சர், இது கூட்டுத்தொடர் வரிசை, a சமம் 1, d சமம் 7" என்றாள். 512 தடத்தில் எத்தனை விளக்கு வைக்கலாம் என்று கேட்டேன். 73 என்று கண்டுபிடித்தார்கள். எழுபத்து மூன்றாவது விளக்கின் முகவரி 505, அது 511இல் முடிகிறது, ஒரு தடம் மிச்சம். கணக்கு ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்த உதாரணத்தை அவர் இப்போது தன் வகுப்பில் பயன்படுத்துகிறார்.

ஆனால் ஒத்திகையில் விளக்குகள் எங்களைக் கேலி செய்தன. பலகையில் முதல் விளக்கின் பொத்தானை அழுத்தி நெம்புகளைத் தள்ளினால் இரண்டாம் விளக்கும் நிறம் மாறியது. இரண்டாம் பொத்தானை அழுத்தினால் மூன்றாவதும் நான்காவதும் உளறின. வயரைக் குறை சொன்னோம், விளக்கைக் குறை சொன்னோம். ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பலகையின் கையேட்டை எடுத்து மூலையில் உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. திரும்பி வந்து, "டீச்சர், இந்தப் போர்டுக்கு d ஏழு இல்ல, பதினாறு" என்றாள்.

வாடகைக் கடைகளில் அதிகம் கிடைப்பது 192 தடப் பலகை. அதில் 12 விளக்குப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் 16 தடங்கள் என்று முன்பே பிரித்து வைத்திருப்பார்கள். விளக்குக்கு ஏழு தடமே போதும் என்றாலும் பலகை பதினாறு பதினாறாகத்தான் எண்ணும். நெம்புகள் எட்டுத்தான் இருக்கும், ஒரு பொத்தானை மாற்றினால் அதே எட்டும் 9 முதல் 16 வரையுள்ள தடங்களுக்கு வேலை செய்யும். ஆகவே முகவரிகள் 1, 17, 33, 49, 65, 81 என்று இருக்க வேண்டும். மாற்றினோம், ஒவ்வொரு விளக்கும் தன் பொத்தானுக்கு மட்டும் கட்டுப்பட்டது. இந்தப் பலகையை எடுக்கும் எந்தப் பள்ளியும் எங்கள் ஒரு மணி நேரத்தை இழக்க வேண்டாம்.

நான்கு விளக்குகளில் முகவரி எண் திரையில் தெரியும். பழைய விளக்குகள் இரண்டில் திரை இல்லை, சின்னச் சின்ன சுவிட்சுகள் ஒரு வரிசையாக இருந்தன. முதல் சுவிட்சின் மதிப்பு 1, அடுத்தது 2, பிறகு 4, 8, 16, 32, 64 என்று இரட்டிக்கும். 81 வேண்டுமென்றால் 64, 16, 1 ஆகிய மூன்றை மேலே தள்ள வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே இதைச் செய்துவிட்டார்கள். இரும எண் முறையை நான் கரும்பலகையில் நடத்தியபோது இவ்வளவு வேகம் இருந்ததில்லை.

இணைப்பு முறை எளிது. பலகையிலிருந்து முதல் விளக்குக்கு, அதிலிருந்து இரண்டாவதுக்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். நடுவில் வயரைப் பிரித்து இரண்டு கிளையாகக் கொண்டுபோகக் கூடாது, செய்தி முட்டித் திரும்பிக் குழம்பும். அதே காரணத்தால் கடைசி விளக்கின் வெளியேறும் முனையில், 2, 3ஆம் முள்களுக்கு இடையே 120 ஓம் மின்தடை வைத்த ஒரு முனையைச் சொருகுகிறோம். மின்தடையம் சில ரூபாய்தான். மூன்று முள் டி.எம்.எக்ஸ். வயரும் மைக் வயரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அவசரத்துக்கு மைக் வயர் வேலை செய்வதுபோலத் தோன்றும், தூரம் கூடினால் விளக்கு துடிக்கும். அதைவிட ஆபத்து, யாராவது மாற்றி விளக்கு வயரை ஒலிக்கலவைப் பெட்டியில் சொருகிவிடுவது. எங்கள் வயர்களின் இரு முனையிலும் மஞ்சள் துணி நாடா கட்டியிருக்கிறோம்.

மின்சார வேலை முழுவதும் உரிமம் பெற்ற வயர்மேனுடையது. இதில் நான் பிடிவாதம். இயற்பியல் படித்த ஆசிரியர்களாகிய நாம்தான், நமக்குத் தெரியும் என்று டெஸ்டரைத் தூக்கிக்கொண்டு போவோம். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேடைக்குத் தனியாக ஒரு 16 ஆம்பியர் சாக்கெட். 230 × 16 என்றால் 3680 வாட், அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு, ஏறத்தாழ 2900 வாட்டுக்கு மேல் போக வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், மூன்று கம்பி உள்ளது. முன்னால் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று. ஒரு பிள்ளையின் உடல் வழியாக மின்சாரம் தரைக்குப் போனால் எம்.சி.பி.க்குத் தெரியாது, அதற்கு அது மிகச் சிறிய மின்னோட்டம். ஆர்.சி.சி.பி.தான் கண்டுகொள்ளும். எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள்ளாக்கிய பிளக் எதுவும் மேடைக்கு வரக் கூடாது, அது யாருடைய சாமானாக இருந்தாலும் சரி.

பள்ளிக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள். விளக்கை ஒரு ஃபேஸிலும் ஒலியை வேறு ஃபேஸிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டு கருவிகளுக்கும் இடையே 400 வோல்ட் வரை இருக்க வாய்ப்புண்டு. பழுதான நாளில் அது உயிரை வாங்கும். ஒரே ஃபேஸில் இரண்டு தனிச் சுற்றுகளாக எங்களுக்கு அமைத்துத் தந்தார். ஆண்டு விழா அன்று வயர் உருளையை முழுக்க அவிழ்த்துவிட்டோம். மேடைக்கு முன்னால் வாசல் தெளிக்கிறேன் என்று வந்த குடத்தைத் தலைமையாசிரியரே தடுத்து நிறுத்தினார்.

வாடகைக்கும் வழியில்லாத தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே டி.எம்.எக்ஸ். பேச்சு வேண்டாம். 50 வாட் எல்.இ.டி. ஃபிளட் விளக்கு நான்கு இருந்தால் மொத்தம் 200 வாட், ஒரு ஆம்பியர்கூட ஆகாது. நான்குக்கும் தனித்தனிச் சுவிட்ச் வைத்த பலகை ஒன்றை வயர்மேன் செய்து கொடுப்பார். இடது, வலது, நடு, பின்புறம். பின்னாலிருந்து முன்னாகச் சில நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாக அணைத்தால், பார்ப்பவர் கண்ணுக்குப் பொழுது சாய்வதுபோலவே இருக்கும். தைப்பூசத்தன்று எங்கள் தெப்பக்குளத்தின் நடு மண்டபம் அவ்வளவு அழகாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் சுற்றியுள்ள இருட்டு. மேடையின் பின்பக்கத்தை இருட்டாக விடத் துணிந்தாலே பாதி வேலை முடிந்தது. வங்காளத்தின் ஒளியமைப்பாளர் தாபஸ் சென், 1959இல் கல்கத்தா மினர்வா அரங்கில் 'அங்கார்' நாடகத்துக்காக, சுரங்கத்தில் வெள்ளம் ஏறுவதை ஒளியாலேயே காட்டினார். மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

போன ஆண்டு விழாவில் அதே கண்மாய் நாடகத்தை மறுபடி போட்டோம். கையேட்டைப் படித்த அந்த மாணவிதான் பலகையில் உட்கார்ந்தாள். நாடகப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறிப்புகள் எழுதி வைத்திருந்தாள்: எந்த வசனத்தின் எந்தச் சொல்லில், எந்த விளக்கு, எந்த நிறம், எத்தனை எண்ணிக்கையில். மொத்தம் ஒன்பது மாற்றங்கள். நான் முதலில் இருபத்து மூன்று எழுதியிருந்தேன், அவள் அடித்துக் குறைத்தாள். பக்கத்தில் இன்னொரு மாணவன் பிரதியைப் பார்த்து "தயார்", "போ" என்று மெல்லச் சொல்வான். "போ" கேட்காமல் கை நகரக் கூடாது. வேறு எதுவும் பேசக் கூடாது.

கடைசிக் காட்சியில் ஆறு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தி நீல நெம்பை மட்டும் இருபது எண்ணுவதற்குள் கீழே இறக்க வேண்டும். அவள் இருபதில் நிறுத்தவில்லை. பாட்டி அன்று மெதுவாகப் பேசினாள், இவள் பாட்டியின் வாயைப் பார்த்தபடியே முப்பது வரை இழுத்தாள். நீலம் போய் மண்நிறம் மட்டும் மிஞ்சியபோது முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "அப்பிடியேதான் கெடந்துச்சு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. மூன்று பிள்ளைகளுக்குப் பலகையைப் பழக்கிக்கொண்டிருக்கிறாள். எங்கள் மேடையின் வலப்பக்கத்திலும் ஒரு 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். மின்சுமைக் கணக்கைப் பிள்ளைகளே போட்டு இணைத்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அது பொருளாக வருகிறது.